முட்டுக்கல்

நடுவட்டம் மூணாவது வளைவுக்குப்
படக்காரர்கள் புகை மிஷின் கொண்டுவந்திருந்தார்கள்.
வருஷம் முழுக்கக் கண்ணை மறைக்கிற மூடுபனிக்கு
அன்றைக்குப் பார்த்து லீவு.

பழைய ஜீப்பும் ஓட்ட ஒரு ஆளும் வேண்டுமாம்.
ஜீப் என்னுடையது.
ஆளும் நான்தான் என்றேன்.

தாதாவை வளைவில் நிறுத்திவிட்டு
டிரைவர் இறங்கி நடப்பான்.
நாலு எட்டு வைத்ததும் பின்னால் வெடிக்கும்.
"முகம் வேண்டாம், முதுகு போதும்" என்றார் டைரக்டர்.
"முதுகுல குற்ற உணர்ச்சி தெரியணும்."
தெரிந்தது போலிருக்கிறது,
முதல் டேக்கிலேயே கைதட்டினார்கள்.
தாதாதான் வசனத்தை மறந்துவிட்டார்.

ஒரு பக்க வசனம்.
போட்ட சோறு, உப்பு, ரத்தம்,
அடுத்த பிறவி வரைக்கும் வரும்.

மயிலண்ணன் அவ்வளவெல்லாம் பேசவில்லை.
மண்டபம் கேம்ப்பிலிருந்து வந்த என் அப்பாவுக்கு
லைனில் வீடு பிடித்துக் கொடுத்தவர்.
ஓவேலி ரோட்டில், ஈட்டி லோடு முன்னால் போன ராத்திரி,
"ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்" என்று நான் இறங்கினபோது
"ஹேண்ட் பிரேக் நிக்காது,
டயருக்கு ஒரு கல்லு வெச்சுட்டுப் போ" என்றார்.

வைத்தேன்.
தேடி, நல்ல கல்லாகப் பார்த்துத்தான் வைத்தேன்.
சாவி என் பையில்.
சரிவில் உருட்டியாவது தப்பியிருப்பார்.
கல் அசையவில்லை.

நாலு எட்டு இல்லை, பதினொன்று.
பன்னிரண்டாவதுக்குக் கால் வரவில்லை.

தாதா ஒவ்வொரு டேக்கிலும் செத்து எழுந்து
இஞ்சி டீ கேட்டார்.
ஏழாவதில்
குரங்குக் குல்லா போட்ட உதவி டைரக்டர் பொண்ணு
ஓடிவந்து டயரடியில் எதையோ உதைத்தாள்.
"அண்ணா, போன ஷாட்ல கல்லு இல்ல!"
எப்போது வைத்தேனோ.

"கல்லு இருந்ததும்மா" என்றேன்.
போனைத் திருப்பிக் காட்டினாள்.
ஜீப் இருந்தது. சரிவு இருந்தது.
சீட்டில் கால் மேல் கால் போட்டு அவர் இருந்தார்.
கல் இல்லை.

வவுச்சரில் கையெழுத்து, ஆயிரத்து ஐந்நூறு.
ஜெனரேட்டர் வண்டி கடைசியாக இறங்கிப் போனது.
அதற்குப் பிறகுதான் பைக்காரா பக்கமிருந்து
நிஜப் பனி ஏறிவந்தது.

டார்ச் அடித்துக்கொண்டு
ஓடைக்குள் இறங்கித் தேடினேன்.
கைக்குக் கிடைத்ததெல்லாம்
கொஞ்சம் சின்னதாகவே இருந்தது.