முழங்காலில் ஒரு பருக்கை

ரவுசுவின் கூழாங்கல் கரையில்
ஆளுயரக் கடற்பாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
கையெல்லாம் உப்பு.
ஃபோனை முழங்கையால் அழுத்தினேன்.

"மிகிவாவின் அப்பாதானே?
குதிகாலில் எடுத்த ரத்தத்தில்
ஒரு எண் கூடியிருக்கிறது.
திரும்ப எடுக்க வேண்டும். பயப்பட வேண்டாம்."
அந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான்
பயமே ஆரம்பித்தது.

எண்கள் எனக்குப் பழக்கம்.
அலையின் உயரம், டீசல் விலை, ஒரு கட்டின் எடை.
மூன்று கிலோ நூறு கிராம் உள்ள ஒருத்திக்குள்
முப்பத்தொன்று
என்ன செய்துகொண்டிருக்கும்?

காரில் ஒன்றரை மணி நேரம்.
தமாகி ஒரே ஒருமுறை பேசினாள்:
"தூங்குகிறாளா,
இல்லை, அதிகமாகத் தூங்குகிறாளா?"

டாக்டர் கொன்னோ
விரல் முட்டியால் மேசையைத் தட்டிக் காட்டினார்.
"கழுத்துச் சுரப்பியின் கதவை
மூளை இப்படித் தட்டுகிறது.
உங்கள் எண், தட்டும் சத்தம்.
உள்ளே ஆளில்லை என்று அர்த்தமில்லை.
எழுந்து வர நேரமாகிறது.
இப்போதைக்குத் தெரிவது அவ்வளவுதான்."

பிறகு முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள்.
கழுத்துக் கோளாறுக்கு முழங்கால் எதற்கு?
தொடையெலும்பின் முனையில்
சோற்றுப் பருக்கை போல ஒரு வெள்ளை.
"வயிற்றில் இருந்தபோதே வளர்ந்த எலும்பு.
அங்கே அவளுக்குப் பட்டினி இல்லை."
தமாகி அந்தப் பருக்கையைத் தொடப் போய்
திரை என்று நினைவு வந்து
கையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் கேட்டார், எழுதிக்கொண்டே:
"கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?"

காலையில் பாசி சூப், மாலையில் பாசி சூப்,
நடுவில் மெல்ல ஒரு துண்டு.
மசக்கைக்கு நல்லதென்று
நான்தான் நறுக்கிக் கொடுத்தேன்.
அயோடின் குறைந்தாலும் சுரப்பி திணறுமாம்,
மிஞ்சினாலும் வாயை மூடிக்கொள்ளுமாம்.
"காரணம் அதுவாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்" என்றார்.
முதல் வாக்கியத்தோடு
நான் வீட்டுக்கு வந்தேன்.

இப்போது தினமும் அரை மாத்திரை,
நசுக்கி, கரண்டிப் பாலில்.
முப்பத்தொன்று பதினாலாகி, ஆறாகியிருக்கிறது.
மூன்று வயதில் நிறுத்திப் பார்ப்பார்கள்.
பாசி கரையில் காய்கிறது; விற்காமல் முடியாது.
சமையலறையில் மட்டும்
மீன் முள்ளில் சூப்.

இன்று விடியுமுன் வீறிட்டு அழுதாள்,
தொண்டையில் கரகரப்பே இல்லாமல்.
தமாகி எழவில்லை. நானும்.
இன்னும் கொஞ்சம் என்று
இருட்டில் படுத்தபடி
கேட்டுக்கொண்டிருந்தோம்.