பின் ஏழு

முட்டத்தில் இரவு இரண்டேமுக்கால்.
டல்லாஸில் மாலை நாலேகால்.
லைட்ஹவுஸ் வெளிச்சம் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போகிறது.

நாற்பத்தொன்றாம் லாட், இருபத்தைந்து வேஃபர்.
அறைச் சூட்டில் எல்லாம் சமர்த்து.
எண்பத்தைந்து டிகிரிக்குக் கொண்டுபோனால்
பவர் ஆம்ப்ளிஃபையர் மூச்சு வாங்குகிறது.
கேட்டது இருபத்தெட்டு டிபிஎம்,
கிடைப்பது இருபத்தேழு புள்ளி ஆறு.
ஒரு கல் உப்பு குறைந்த மீன்குழம்பு,
அவ்வளவுதான்.

தோற்றவை பின் ஏழில் விழுகின்றன.
பின் என்றால் மற்றவர்களுக்குப் பிறகு.
எங்கள் தொழிலில்
பிறகு என்பதே இல்லாத தொட்டி.

வேஃபர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சிவப்பெல்லாம் ஒரு விளிம்பில், பிறையாக;
பாறைமேல் நின்று பார்த்தால்
கடியப்பட்டணம் வளையுமே, அதே வளைவு.
நடுவில் குற்றமில்லை.
ஃபேபில் ஏதோ ஒரு கருவி
ஓரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை.

ப்ரூக்ஸ் அழகாகப் பேசுவார்.
'லிமிட்டை அரை டெசிபல் இறக்கு, டெல்பினா.
யீல்டு தொண்ணூற்றொன்று ஆகிவிடும்.
எண்பத்தைந்துக்கு யார் சூடேற்றப் போகிறார்கள், சொல்?'

நான் சொல்லவில்லை.
நாளைக்குள் என்றேன்.
எந்த ஊர் நாளை என்று அவரும் கேட்கவில்லை.

தூக்கம் வராமல் ஐந்து மணிக்குத் துறைமுகம் போனேன்.
ஏலம் தொடங்கியிருந்தது.
கிளீட்டஸ் படகை அப்போதுதான் கட்டியிருந்தான்;
விடிய விடிய ஓடிய எஞ்சின்
இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.
அதன் தலைமாட்டில்,
புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி,
ஆணியில் வயர்லெஸ்.
தொட்டேன்.
விரலை எடுத்துவிட்டேன்.

'இதை இங்கயா மாட்டுவ?'

'பின்ன? தண்ணி அடிக்காத எடம்
படகுல இது ஒண்ணுதான இருக்கு.'

பின்ன.

'ஒன் சிப்பா உள்ள இருக்கு?' என்றான்.
இல்லை. என்னுடையவை ரவுட்டருக்குப் போகிறவை.
இதற்குள் இருப்பது யாரோ ஒருவருடையது;
பெயர் தெரியாது, நாடு தெரியாது.
ஏதோ ஓர் இரவில் அவரிடமும்
அரை டெசிபல் கேட்டிருப்பார்கள்.
கொடுத்தாரா இல்லையா என்று
இந்தப் பெட்டியைப் பார்த்து எப்படிச் சொல்வது?
கரகரவென்று அதில் யாரோ
சாளை விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
தெளிவாகவே கேட்டது.

அரைக்கிலோ நெத்திலியோடு திரும்பி வந்து
மடல் எழுதினேன்.
லிமிட் மாறாது.
விளிம்பைப் பற்றி ஃபேபைக் கேளுங்கள்.
யீல்டு எழுபத்தெட்டு, அதுவே நிலவரம்.
காரணம் என்ற இடத்தில்
நாலு வரி அடித்தேன், அழித்தேன்.
கடைசியில் ஒரு படத்தை மட்டும் இணைத்தேன்:
ஆணி, குழாய், நடுவே ஒரு கறுப்புப் பெட்டி.

அப்ரைசலில் இது வரும்.
வரட்டும்.
விரல்நுனி இன்னும் எரிகிறது,
நெத்திலியை வேறு ஆய வேண்டும்.