எண் நாற்பத்தாறு

மூன்று முறை புழுமருந்து கொடுத்தாகிவிட்டது.
மெலிந்துகொண்டே போனது,
வயிறு மட்டும் பானை.
ஏழு மாதப் பெட்டை,
காதில் மஞ்சள் வில்லை, எண் நாற்பத்தாறு.

மந்தை மேய்கையில் அது
கல்வேலி ஓரமாய்
மழைக்கு முதுகு காட்டி நிற்குமாம்.
யேரன் கரையில் மழை பக்கவாட்டில் பெய்யும்.

திங்கட்கிழமை ஓட்வார் கூப்பிட்டார்.
நான் போய்ச் சேர்வதற்குள் செத்திருந்தது.

வைக்கோல் கட்டுகள்மேல் பழைய கதவொன்றைப் போட்டுக் கொடுத்தார்.
அதில் கைப்பிடி இன்னும் இருந்தது.
நான் அறுத்தேன். அவர் விளக்குப் பிடித்தார்.

கயிறு அளப்பவள்போல்
ஒரு முழம், இன்னொரு முழம் என்று
குடலை உருவிக்கொண்டே போனேன்.
ஓரிடத்தில் விரல் நின்றது.
வெள்ளையாய், கெட்டியாய், ஒரு வளையம்.
அதற்கு மேலே என் மணிக்கட்டுப் பருமனில் வீக்கம்,
தின்ற புல்லெல்லாம் அங்கேயே காத்துக் கிடந்தது.
கீழே
ஷூ நாடாபோல் சூம்பியிருந்தது.

"கிழட்டு ஆடுகளில் பார்த்திருக்கிறேன்.
பால்பல் விழாத ஒன்றில்,
இருபத்திரண்டு வருடத்தில் இல்லை.
அரிது, ஓட்வார், ரொம்ப அரிது."
பந்தயத்தில் பணம் விழுந்தவளின் குரல்
என் வாயிலிருந்து வந்தது.

அவர் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார்.
அவ்வளவுதான் செய்தார்.

பிறகு இடது கையைப் பார்த்தபடி,
விரல்முட்டி வீங்கி
போன குளிர்காலம் கல்யாண மோதிரத்தைக்
குறடு வைத்து வெட்டிய கதையைச் சொன்னார்.
"குன்வோர் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடி வேலை.
இதையும் யாராவது..."
வாளியை எடுக்கப் போய்விட்டார்.

ஃபார்மலின் புட்டியின் மூடியைத் திருகும்போது கேட்டார்:
"அதுக்குப் பசித்திருக்குமா, நிறைந்திருக்குமா?"
நான் படித்த எதிலும் அது இல்லை.
இரண்டும், என்றேன்.
சொன்ன பிறகுதான்
உண்மையாக இருக்கலாம் என்று பட்டது.

ஆய்வகத்தில் ஊதாவும் ரோஜாவும் ஏற்றிப் பார்த்தார்கள்.
பெரிய பெயர், நான்கு வரி.
காரணம்: தெரியவில்லை.
ஓட்வார் அதைத் தொழுவச் சுவரில்
தீவன ரசீதுகளோடு ஆணியில் குத்தி வைத்தார்.

ஏப்ரலில் மறுபடி போனேன், அதன் தாய்க்குப் பிரசவம்.
கால் மடங்கி வந்த ஒன்று, நேராக வந்த ஒன்று.
தாள் ஈரத்தில் சுருண்டிருந்தது.
தாய் நக்கி முடிக்கும் முன்பே
மோதிரமில்லாத அந்தக் கை
இரண்டு வயிற்றையும் மெதுவாக, அடியிலிருந்து நுனிவரை,
தடவிக்கொண்டு போயிற்று.
எங்கும் நிற்கவில்லை.
மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.