ஒன்பதாம் நம்பர்

முதல் வேலையாய்ப் பேர் வைச்சன்.
அதுக்குப் பதினொரு இரவு போச்சு.
"பாதசரம்" எண்டன். அது கொலுசடி, செருப்பில்லை
எண்டாள் மயூரதி.
கடைசியில "அடி" எண்டு முடிவாச்சு.
"இண்டைக்கே அடி வாங்குங்கோ"
எண்டு எழுதிப் பாத்துத் தனிய இருந்து சிரிச்சன்.
ஆர் வாங்கினது எண்டது
பேந்துதான் விளங்கிச்சு.

லோகோ கீறினவன் திருநெல்வேலிப் பொடியன்.
செருப்புக்குச் சிறகு வைச்சு
ஐயாயிரம் வாங்கினான்.
ஒரு சோடியும் விக்க முன்னம்
ஐந்நூறு பெட்டி அச்சடிச்சன்.
போன் நம்பரில ஒரு பூச்சியத்தைக் காணேல்லை.
இப்பவும் ஒவ்வொரு பெட்டியா எடுத்து
மார்க்கரால அந்தப் பூச்சியத்தைப் போடுறன்.
கை பழகீட்டுது.

இரவு பஸ் ஏறிக் கொழும்பு,
விடியக் கெய்சர் வீதி.
"செட்டாத்தான் தங்கச்சி, பிரிச்சுத் தாறல்ல."
செட்டுக்கு ஐஞ்சு சோடி,
ஐஞ்சாம் நம்பரில இருந்து ஒன்பது மட்டும்.
இருபத்திநாலு செட் அள்ளினன்,
எங்கட சனத்தின்ர கால் எல்லாம்
ஒரே கணக்கில வளந்த மாதிரி.

படம் போட்டன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு இதயம்.
ரொறொன்ரோவில இருந்து சித்தியின்ர மகள்
"சூப்பரடி" எண்டு நாலு தரம்.
விலை படத்திலயே இருக்க
"விலை என்ன?" எண்டு முப்பது பேர்.
இதயம் போட்ட ஆக்கள்
செருப்புப் போடேல்லை.

எண்ணூற்றைம்பதுக்கு வாங்கி
ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கு வித்தால்
நானூறு லாபம்.
கணக்கில நான் கெட்டிக்காரி.
"டெலிவரி இலவசம்" எண்டு
எழுதினதும் நான்தான்.
கூரியர்காரன் நானூறு கேட்டான்.
பெட்டிக்கு அறுபத்தைஞ்சு.
ரேப்புக்கு, டேற்றாவுக்கு, பஸ்ஸுக்கு
வேற பக்கம் திறந்தன்.
ராவில ரெண்டு மணிக்கு
"அக்கா, கறுப்பில இருக்கா" எண்டு கேட்டவைக்குப்
பதில் எழுதின என்ர நித்திரைக்குக்
கொப்பியில கோடே கீறேல்லை.

மன்னாருக்குப் போன பார்சல்
"போன் ஓவ்" எண்டு திரும்பி வந்திச்சு.
வவுனியாவுக்கு அனுப்பினன்,
"இவர் வேண்டாமாம்" எண்டு அதுவும் வந்திச்சு.
அந்த மண்ணிறச் சோடி
என்னைவிடக் கனக்க ஊர் பாத்திருக்கு.
மச்சாள் ரெண்டு சோடி கொண்டு போனா,
"பிறகு தாறன்."
காஸ் முடிஞ்ச அண்டு
செருப்புக் காசிலதான் சிலிண்டர் வந்தது.
சோறு வெந்தது,
கடை வேகேல்லை.

ஆறும் ஏழும் ரெண்டு கிழமையில முடிஞ்சுது.
"ஆறு இருக்கா?" "இல்லை."
"ஏழு?" "இல்லை."
அறைக்குள்ள கட்டிலுக்குக் கீழ
ஒன்பதாம் நம்பர் இருபத்திநாலும்
ஆரோ படுத்திருக்கிற மாதிரிக் கிடந்தது.
கொக்குவில் முழுக்கத் தேடினாலும்
இந்தக் காலுக்கு ஆளில்லை எண்டு
பாதி விலை போட இருந்தன்.

அப்ப ஒரு போன்.
"ஒன்பது எண்டு போட்டிருக்கிறியள்,
உண்மையான ஒன்பதோ?"
பாசையூரில இருந்து சைக்கிளில வந்தாள்,
பேர் டிலோஜினி,
வாசல் நிலைக்குக் குனிஞ்ச உயரம்.
வலைப்பந்து விளையாடுறவளாம்.
போட்டு வந்தது ஆம்பிளைச் செருப்பு.
"கலியாண வீட்டுக்கும் இதுதான் அக்கா,
சீலையை இறக்கிக் கட்டுவன்."

போட்டாள்.
குசினி மட்டும் நடந்தாள், திரும்பி வந்தாள்.
கனநேரம் குனிஞ்சு
தன்ர காலையே பாத்துக்கொண்டு நிண்டாள்.
நான் விலை சொல்ல மறந்து போனன்.

அண்டிரவு அவளின்ர ரீமில இருந்து ஏழு பேர்.
ஆரும் இதயம் போடேல்லை.
"விலை குறையுமோ" எண்டும் கேக்கேல்லை.
பார்சல் காசும் தாறம், அனுப்புங்கோ எண்டிச்சினம்.

கொப்பியில இன்னும் சிவப்பு மைதான்.
மச்சாளின்ர பிறகு இன்னும் வரேல்லை.
போன கிழமை திரும்பவும் கெய்சர் வீதி.
"செட் வேண்டாம் நாநா.
ஒன்பது மட்டும் தாங்கோ.
பத்து இருக்கோ?"

"பத்தா? பொம்புளையள்ல
யாரு தங்கச்சி அதப் போடுற?"

"இருக்கினம்."