கிளமெண்ட்டாமே

தலைமைப் பயிற்சியாளர் அறை பூட்டிய ஐந்தாம் மாதம்
பர்கூர்க்காரர் வருகிறார் என்றான்
ஜெராக்ஸ் கடை திம்மராஜ்.
கல்லூரிக் கடிதம் எதுவும் அவன் கண்ணாடிமேல்
முகம் குப்புறப் படுத்துத்தான் இரண்டாகவேண்டும்.
அவன் சொன்னால் பாதி உத்தரவு.

கேன்டீனுக்குப் போவதற்குள் அது பொய்த்தது.
பர்கூர்க்காரருக்கு முழங்கால் போய்விட்டதாம்.
வருவது சேலத்து அம்மா, போலீஸ் டீம்,
விசில் ஊதினால்
ராயக்கோட்டை மேம்பாலத்தில் லாரி நிற்கும்.
விடுதி வார்டன் ஒத்துக்கொள்ளவில்லை:
செயலாளரின் மைத்துனர் மகன்
பெங்களூரில் ஜிம் வைத்து நொடித்திருக்கிறான்,
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

போட்டேன்.
எந்தக் கூட்டலிலும் நான் வரவில்லை.

காலை ஐந்தரைக்குக் கோர்ட் கேட்டைத் திறப்பவள் நான்.
தொகுப்பூதியம் பதினோராயிரம்.
பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘பொறுப்பு’,
அதுவும் பென்சிலில்.
கிரானைட் தூள் இரவெல்லாம் இறங்கி
ஃப்ரீ த்ரோ கோடு காணாமல் போயிருக்கும்.
ஈரச் சாக்கால் தேய்த்து
அதை நான் கண்டுபிடித்த பிறகுதான்
நஸ்ரினுக்கும் வளையத்துக்கும் இடையே
பதினைந்து அடி உண்டாகும்.

“புது சார் யாரு மேம்?”
என்னிடம்தான் கேட்பார்கள்,
கழுத்தில் விசில் தொங்கும் என்னிடம்.

ஆவணியில் ஒரு வியாழன் டோல்கேட்டில் பஸ் நின்றது.
பக்கத்தில் கல் ஏற்றிய லாரி.
பின்பலகையில் மஞ்சளில் ‘கிளமெண்ட்’,
கீழே ஒரு கழுகு, ஒரு சிறகு உரிந்து.
இறங்கி நேரே திம்மராஜிடம் போய்
என் அனுபவச் சான்றிதழை நீட்டி, ரெண்டு காப்பி என்றேன்.
மிஷின் வெளிச்சம் ஓடும்போது
சும்மா சொன்னேன்:
கிளமெண்ட்டாமே.

அவன் நிமிரவில்லை.
“ஆமா, நானும் கேள்விப்பட்டேன்.”

மறுநாள் கிளமெண்ட்டுக்கு ஆறடி நான்கு அங்குலம்.
சனிக்கிழமை, ரயில்வேயில் பதினோரு வருஷம்.
திங்கள் அவருக்கு மனைவி இல்லை,
புதன் இருந்தாள், கோலாரில் டீச்சர்.
மாங்கூழ் ஆலை முதலாளி ஒருவர்
லண்டன்பேட்டையில் அவருக்கு மாடி வீடு பார்த்ததாக
வார்டனே சொன்னார்,
அட்வான்ஸ் தொகையோடு.

பிள்ளைகள் ஐந்தேகாலுக்கே வந்து நின்றார்கள்.
லேஸ் கட்டாத முனிலட்சுமி இரட்டை முடிச்சுப் போட்டாள்.
இடது கையில் லே-அப்பா, நானா என்றிருந்த பிரேமலீலா
சுவரோரம் தனியாக
இடது, இடது, இடது.
“கிளமெண்ட் சாருக்குச் சோம்பல் பிடிக்காதாம் மேம்.”
பிடிக்காது என்றேன்,
கூட ஆடியவள்போல.

அப்புறம் எனக்கே அவர் தட்டுப்பட ஆரம்பித்தார்.
மூன்றாம் படிக்கட்டில் உட்கார்வார்,
கால்மேல் கால் போடமாட்டார்.
கத்த வாய் திறந்தால்
இருக்கிறாரே என்று தணித்துக்கொள்வேன்.
டிஃபன்ஸை இரண்டு-மூன்றிலிருந்து
ஒன்று-மூன்று-ஒன்றுக்கு மாற்றிய அன்று
மெல்லத் திரும்பிப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

மண்டல இறுதி தர்மபுரியில்.
இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்,
கடைசிக் கூடை பிரேமலீலாவின் இடது கை.
கோப்பையைத் தூக்கிய செயலாளர் மைக்கில் சொன்னார்:
புதியவர் வருமுன்பே இத்தனை ஒழுங்கு!
எல்லோரும் கை தட்டினார்கள்.
நானும்.

இன்று அலுவலகத்தில் கூப்பிட்டார்கள்.
கண்காணிப்பாளர் விண்ணப்பக் கட்டை ஒதுக்கி,
கதவைப் பார்த்து, குரலை இறக்கி:
“ஏம்மா, உனக்கு எல்லாம் தெரியுமாமே.
அந்தக் கிளமெண்ட் நம்பர் இருக்கா?
நாளைக்குக் கடைசி தேதி. அவரு ஒருத்தர்துதான் வரலை.”

என்னுடையதும் வரவில்லை.
அது அவர் கணக்கில் இல்லை.
பையில் அந்த ரெண்டு காப்பியும் அப்படியே,
மடிப்பில் மை உதிர்ந்து.

சொன்னேன், நிறுத்தி நிறுத்தி,
அவர் பதிவேட்டிலேயே இருக்கும் அந்தப் பத்து எண்களை.
அவர் ‘கிளமெண்ட்’ என்று எழுதி
நேரே குறித்துக்கொண்டார்,
பேனாவில்.

படி இறங்குவதற்குள் பை அதிர்ந்தது.