பதினோராவது கிலோமீட்டர்

ஒன்பது, ஏறுகிறேன். பத்து, காலி.
வானொலியில் எண்களை மட்டும்தான் சொல்வேன்.
கேட்க எதிரே ஒரு லாரிகூட இல்லாத காலைகளிலும்
சொல்வேன்.

பதினொன்றில் மலை
தன் மரங்களை வகிடெடுத்து வைத்திருக்கிறது.
இருபுறமும் கிழட்டு ஸ்ப்ரூஸ். நடுவே இடுப்புயரப் புதர்,
அதுவும் கீழ்நோக்கிப் படுத்தபடி.
வந்து போகிற ஒன்றின் வழி அது.
மஞ்சள் பலகை நட்டிருக்கிறோம்: இங்கே நிற்காதே.

என் ஒப்பந்தம் அங்கே முடிகிறது, வண்டி திரும்ப வேண்டும்.
நவம்பரில் பிளேடை இரண்டு முறை போட்டேன்.
ஜனவரிக்குள் வழவழவென்று ஓர் அரைவட்டம்,
நாலு கார் நிற்கலாம் போல.

சனிக்கிழமை கம்லூப்ஸிலிருந்து ஒரு நீல சுபாரு நின்றது.
ஜன்னலெல்லாம் ஆவி. உள்ளே ஆள் தூங்கலாம்.
ஹாரன் அடித்தேன், ஒடித்துத் திரும்பினேன், போய்விட்டேன்.
மூன்று நாளாகத் தென்மேற்குக் காற்று.

இரண்டு பத்துக்குச் சத்தம் வந்ததாம்.
நான் நாலாவதில் இருந்தேன், கேட்கவில்லை.
கண்ணாடி நடுங்கியது,
ஆனால் அது எப்போதுமே நடுங்கும்.

மூன்றரை மணி நேரம் கம்பியால் குத்தினோம்.
வழுக்கி இறங்கினால் பனி.
டங்கென்றால் தகரம்.
மூன்றாவது எப்படி இருக்கும் என்றேன்.
"தெரியும் உனக்கு" என்றான் ஹோல்கர்.

காரைத் தோண்டித் திறந்தோம்.
பாதி உரித்த ஆரஞ்சு. ஒரு ஜோடி ஈரக் காலுறை.
ஆள் இல்லை,
ஆகவே இன்னும் குத்தினோம்.

இருட்டும்போது அடர்காட்டு வழியாக
நெற்றி விளக்கோடு இரண்டு பேர் இறங்கி வந்தார்கள்.
சரிவைக் கோணம் பார்த்து அளந்தவர்கள்,
விளிம்பைத் தவிர்த்துப் போனவர்கள்.
"என்ன தேடுறீங்க?" என்றாள் அந்தப் பெண்.
ஹோல்கர் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சுத்தமா வழிச்சு வெச்சிருந்துச்சே" என்றாள் பிறகு, மெல்ல.
"நிறுத்தத்தான்னு நெனச்சோம்."

மறுநாள் அரைவட்டத்தை நானே மூடினேன்,
ஆள் உயரத்துக்குப் பனியைத் தள்ளி.
இப்போது எனக்கே திரும்ப இடமில்லை.
பதினொன்றிலிருந்து ஒன்பது வரை
கழுத்தை முறுக்கிப் பின்னோக்கியே ஓட்டுகிறேன்.
வண்டி பீப் பீப் என்கிறது,
தனக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாதென்று
இல்லாதவர்களிடம்.

பதினொன்று, இறங்குகிறேன், லொரெய்ன்.
இல்லை, திரும்பவில்லை.
முகம் இன்னும் மலைப் பக்கம்தான்.