நேற்றிரவு இங்கே உறங்கியவர்கள்

படிவத்தின் நான்காம் கேள்வி:
நேற்றிரவு இந்த வீட்டில் உறங்கியவர்கள் எத்தனை பேர்?

லிஃப்ட் இரண்டு. ஒன்று செத்து மூன்று மாதம்.
மற்றதன் நெற்றியில் எட்டுப் பேர் என்று எழுதியிருக்கிறது.
பதினொரு பேராய் ஏறினோம்,
ஒரு கேஸ் தோம்பு, இடுப்பில் ஒரு குழந்தை வேறு.
மணி அடித்தது. யாரும் இறங்கவில்லை.
மூச்சை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டோம்,
அதில் எடை குறையும் என்பதுபோல.
ஏறியது.

ஜிஞ்சாங். பதினாறாம் மாடி.
"அஞ்சு பேரு" என்கிறார் குணவதி.
வாசலில் பதினான்கு ஜோடி செருப்பு.
நான் பார்ப்பதை அவர் பார்க்கிறார்.
"விருந்தாளிங்க."
கம்பியில் ஏழு பள்ளிச் சீருடைகள் காய்கின்றன.
வாடகை ஒப்பந்தத்தில் ஐந்து.
மீதிப் பேர்
மாநகர் மன்றத்துக்குத் தெரியாமல்
உயரமாகிக்கொண்டிருக்கிறார்கள்.

என் அம்மாவோடு பிறந்தவர்கள் ஒன்பது பேர்.
ஏன் இத்தனை என்று ஒருமுறை கேட்டேன்.
"மூணு போகும்னு தெரியும்.
எந்த மூணுன்னு தெரியாது."
சொல்லிவிட்டு மீன் கழுவப் போனார்.
பிறகு ஊசி வந்தது, கொதிக்க வைத்த தண்ணீர் வந்தது,
வாரம் ஒருமுறை வரும் டிரெசர் தினமும் வந்தார்.
யாரும் போகவில்லை.
பழைய கணக்கில் பெற்ற பிள்ளைகள்
புதிய கணக்கில் மிஞ்சினார்கள்.
மிஞ்சியவர்களில் ஒருத்தியின் மகள்
கையில் பேனாவோடு நிற்கிறேன்,
யாரைக் கூடுதல் என்று குறிப்பது?

அடுத்த கதவைத் திறந்தவன் ரஃபிகுல்.
ஒரு அறை. மூன்று மெத்தை.
பகல் ஷிப்டு எழுந்ததும் இரவு ஷிப்டு படுக்கும்.
நான்காம் கேள்வியைக் கேட்டேன்.
விரல் விட்டு எண்ணியவன் பாதியில் நின்று
மலாயில் கேட்டான்,
"இரவில் மட்டும்தானா?"
ஓரத்து மெத்தையில் கை வைத்துப் பார்த்தேன்.
சூடு.
வாங்கிய நாள் முதல் ஆறியிருக்காது.

அவன் ஜன்னலில், அவன் கட்டியது தெரிகிறது.
நாற்பத்திரண்டு மாடி, கண்ணாடி.
அங்கே எண்ணப் போயிருக்கும் சைஃபுல்
காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான்:
மணி அடிக்கிறேன், உள்ளே எதிரொலிக்கிறது.
எல்லாம் விற்றுவிட்டதாம்.
ஆள் மட்டும் இல்லை.

மூன்று மணிக்குத் தண்ணீர் லாரி.
கட்டடமே கீழே இறங்கியது, வாளிகளோடு.
சண்டை வருமென்று நினைத்தேன்.
குழாய் பிடித்தவன் கேட்டதும் ஒரே கேள்விதான்,
"உங்க வீட்டில எத்தனை பேரு?"
குணவதி நிமிர்ந்து நின்று சொன்னார்:
"பதினாலு."
என்னைப் பார்க்காமல் சொன்னார்.
நானும் வேறெங்கோ பார்த்தேன்.
படிவத்தில் மட்டும்
ஐந்தை அடித்துத் திருத்தினேன்.
பிறகு வாடகை ஒப்பந்தம் நினைவு வர,
திருத்தியதை அடித்தேன்.

மேலே இன்னும் ஆறு வீடு பாக்கி.
லிஃப்டுக்குள் ஒன்பது பேர், எட்டு வாளி.
கதவு மூடும் நேரத்தில்
நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் வந்தாள்.
ஆளுக்கு ஒரு விரற்கடை நகர்ந்தார்கள்.
எங்கிருந்தோ இடம் வந்தது.
மணி அடித்தது.
மூச்சைப் பிடித்தோம். மறுபடி அடித்தது.
வாளியொன்று தளும்பி என் காகிதம் நனைந்தது.
இப்போது ஒருவர் இறங்கியே ஆகவேண்டும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நியாயம்தான்.
அந்த லிஃப்டில்
நேற்றிரவு இங்கே உறங்காதவள்
நான் ஒருத்திதான்.